நுரையீரலில் சின்னக் கட்டி: முழுசாக எடுக்கணுமா, கொஞ்சம் போதுமா? வார்டில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மதுரையில் நெஞ்சு அறுவை சிகிச்சை வார்டில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ஆபரேஷன் செய்வது நான் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் மூச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போனதும், “அவர் என்னம்மா சொல்லிட்டுப் போறார்?” என்று என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஆரம்பக் கட்ட நுரையீரல் புற்றுநோயில் முடிந்தவரை நுரையீரலை மிச்சம் வைத்துச் செய்யும் ஆபரேஷன் பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உங்கள் ஸ்கேனைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்தான்.

“கொஞ்சமா எடுக்கிறோம்” என்கிறார் டாக்டர். எவ்வளவு கொஞ்சம்?

வாழைத்தாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்க நுரையீரல் ஒரு தார். தாரில் சீப்பு இருப்பதுபோல நுரையீரலில் மடல்கள்: வலது பக்கம் 3, இடது பக்கம் 2. சீப்புக்குள் தனித்தனிக் காய் இருப்பதுபோல ஒவ்வொரு மடலுக்குள்ளும் பகுதிகள் உண்டு. வலது பக்கம் 10 பகுதிகள். இடது பக்கத்தில் எண்ணும் முறையைப் பொறுத்து 8 முதல் 10. ஒவ்வொரு காய்க்கும் காம்பு இருப்பதுபோல ஒவ்வொரு பகுதிக்கும் தனி மூச்சுக்குழாய்க் கிளை, தனி ரத்தக்குழாய்.

முழுத் தாரையும் எடுத்தால் நியூமோனெக்டமி. ஒரு சீப்பை எடுத்தால் லோபெக்டமி. காம்போடு ஒரு காயை, சில சமயம் இரண்டு மூன்று காய்களை எடுத்தால் செக்மென்டெக்டமி. காம்பைத் தேடாமல் கட்டியைச் சுற்றி ஆப்பு வடிவில் நறுக்கினால் வெட்ஜ். உங்கள் டாக்டர் “கொஞ்சம்” என்று சொன்னது கடைசி இரண்டில் ஒன்றாக இருக்கும். எது என்று பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த ஊரில் எந்த டாக்டரிடம் போனாலும் அந்த ஒரு சொல் போதும்.

வந்தது புற்றுநோய். அப்புறம் எதற்குக் கஞ்சத்தனம்? மடலை முழுசாக எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

இந்தக் கேள்வியை டாக்டர்களே ஏறக்குறைய நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1933-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் ஒரு நோயாளியின் இடது நுரையீரலை முழுசாக எடுத்தார். புற்றுநோய்க்கு அப்படிச் செய்து நோயாளி பிழைத்தது அதுதான் முதல் தடவை. அந்த நோயாளியும் ஒரு மருத்துவர். அதன்பின் முப்பது வருஷம் வாழ்ந்தார். புகைப்பழக்கம் இருந்த கிரஹாம் 1957-ல் நுரையீரல் புற்றுநோயிலேயே இறந்தார். தாரையே எடுத்த காலம் போய், சீப்பை எடுத்தால் போதும் என்று பிறகு ஆனது.

சீப்புக்கும் குறைவாக எடுக்கலாமா என்பதை முறையாகச் சோதித்த ஆய்வு 1995-ல் வெளிவந்தது. குறைவாக எடுத்தவர்களில் நோய் அதே இடத்தில் திரும்பி வருவது சுமார் மூன்று மடங்கு அதிகம் என்றது. அதோடு கதவு மூடியது. ஆனால் அந்த ஆய்வுக்கு ஆட்களைச் சேர்த்தது 1980-களில். இன்று போல எல்லாருக்கும் நுணுக்கமான சிடி ஸ்கேன் கிடையாது. 3 செ.மீ. வரையுள்ள கட்டிகளையும் சேர்த்திருந்தார்கள்.

கதவைத் திரும்பத் திறந்தது ஜப்பான். 70 மருத்துவமனைகளில் 1,106 பேர், கட்டி 2 செ.மீ.க்குள், நுரையீரலின் வெளி ஓரத்தில். பாதிப் பேருக்கு லோபெக்டமி, பாதிப் பேருக்குச் செக்மென்டெக்டமி. 2022-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் செக்மென்டெக்டமியில் 94.3 சதவீதம், லோபெக்டமியில் 91.1 சதவீதம். அடுத்த வருஷமே அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் 697 பேரை வைத்து நடந்த ஆய்வும் வந்தது. அதில் வெட்ஜ் செய்தவர்களும் உண்டு. ஐந்து வருஷக் கணக்கு: குறைவாக எடுத்தவர்களில் 80.3 சதவீதம், லோபெக்டமியில் 78.9. அதாவது சின்னக் கட்டிக்குச் சின்ன ஆபரேஷன் செய்தால் ஆயுள் குறையவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஜப்பான் ஆய்வில், எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே நோய் திரும்பியது செக்மென்டெக்டமி செய்தவர்களில் 10.5 சதவீதம், லோபெக்டமியில் 5.4 தான். உங்கள் சந்தேகம் வெறும் பயம் இல்லை, அதில் உண்மை இருக்கிறது.

பக்கத்திலேயே அதிகம் திரும்பி வருகிறது, ஆனாலும் ஆயுள் குறையவில்லை. அது எப்படி?

எனக்கும் முதலில் புரியவில்லை. ஜப்பான் ஆய்வில் இறந்தவர்களின் கணக்கைப் பாருங்கள். லோபெக்டமி செய்தவர்களில் 52 பேர், செக்மென்டெக்டமி செய்தவர்களில் 27 பேர் இந்தப் புற்றுநோயால் இல்லாமல் வேறு காரணங்களால் இறந்திருக்கிறார்கள். வேறு நோய்கள், வேறு உறுப்பில் புற்று, இப்படி.

நுரையீரலில் ஒரு கட்டி வந்தவருக்குப் பல வருஷம் கழித்து இன்னொன்று வரலாம். அதே கட்டி திரும்பலாம், நிமோனியா வரலாம். அப்போது இன்னொரு ஆபரேஷனையோ கடுமையான மருந்தையோ தாங்க மிச்ச நுரையீரல் வேண்டும். கையில் இருப்பு வைத்திருப்பவர் இரண்டாவது செலவைச் சமாளிப்பதுபோலத்தான். இப்படித்தான் டாக்டர்கள் விளக்குகிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

அப்போ மூச்சு வாங்குவது ரொம்பக் குறைவாக இருக்குமா?

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜப்பான் ஆய்வில், ஒரே விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்றை அளந்தபோது, ஒரு வருஷம் கழித்து லோபெக்டமி செய்தவர்களுக்குச் சுமார் 12 சதவீதம் குறைந்திருந்தது, செக்மென்டெக்டமிக்கு 8.5. வித்தியாசம் மூன்றரைதான். நடந்து பால் வாங்கி வருபவருக்கு இது தெரியவே தெரியாது. ஏற்கெனவே பீடியால் பாதி நுரையீரல் போனவருக்குத் தெரியும். சின்ன ஆபரேஷன் செய்தால் மறுநாளே பழைய மூச்சு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிச்சம் வைத்ததன் பலன் இன்றைய மூச்சில் கொஞ்சம்தான். பின்னால் வரக்கூடிய சிக்கலுக்குத்தான் அது அதிகம் கைகொடுக்கும்.

எங்கள் சித்தப்பாவுக்கு இது செய்யலாமா?

டாக்டர்கள் பார்ப்பது இவைதான். கட்டி 2 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஓரமாக இருக்க வேண்டும். காம்பு சேரும் நடுவில் இருந்தால் கஷ்டம். நிணநீர்க் கணுக்களுக்கு, நம் ஊரில் நெறி என்கிறோமே அதற்கு, நோய் போயிருக்கக் கூடாது. கட்டியைச் சுற்றி 2 செ.மீ. அல்லது குறைந்தது கட்டியின் அகலமளவாவது நல்ல திசுவும் சேர்ந்து வர வேண்டும். சிடியில் கட்டி கெட்டியாகத் தெரிகிறதா, பனிமூட்டம் போலத் தெரிகிறதா என்பதும் கணக்கு. பனிமூட்டம் அதிகமென்றால் பொதுவாக மெதுவாக வளரும் ரகம்.

மடலை முழுசாக எடுத்தால் மூச்சு தாங்காது என்ற நிலையில் இருப்பவருக்கு, கட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் சின்ன ஆபரேஷனை யோசிப்பார்கள். எதையும் தாங்காத உடம்பு என்றால் குறிபார்த்துக் கொடுக்கும் துல்லியக் கதிர்வீச்சு இருக்கிறது.

உள்ளே போன பிறகு திட்டம் மாறுமா?

மாறலாம். கையெழுத்து வாங்கும்போதே அதைச் சொல்லியிருப்பார்கள், நாம்தான் கவனிப்பதில்லை. உள்ளே கணுவை எடுத்து, நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே உறையவைத்துச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதில் புற்று தெரிந்தால் செக்மென்டெக்டமி என்று போனது லோபெக்டமியாக முடியும். வெளியே உட்கார்ந்திருக்கும் குடும்பம், “ஏதோ தப்பு பண்ணிட்டாங்க, அதான் நிறைய எடுத்துட்டாங்க” என்று முடிவுகட்டிவிடும். அப்படி இல்லை. அமெரிக்க ஆய்வில்கூட கணு சுத்தம் என்று ஆபரேஷன் தியேட்டரில் உறுதியான பிறகுதான் யாருக்கு எந்த ஆபரேஷன் என்று சீட்டே எடுத்தார்கள்.

எந்தக் காயில் கட்டி என்று உள்ளே எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்?

உண்மை. சீப்புக்குச் சீப்பு இடைவெளி கண்ணுக்குத் தெரியும்; காய்க்குக் காய் எல்லை தெரியாது. லோபெக்டமியைவிடச் செக்மென்டெக்டமி கடினம் என்பது இதனால்தான். சின்ன ஆபரேஷன் என்றால் சுலபமான ஆபரேஷன் இல்லை. அந்தப் பகுதிக்குப் போகும் ரத்தக்குழாயை முதலில் அடைத்துவிட்டு, கை நரம்பில் ஒரு பச்சைச் சாயத்தை ஏற்றுவார்கள். அதற்கென்று உள்ள கேமராவில் மற்ற இடமெல்லாம் பச்சையாக ஒளிரும், எடுக்க வேண்டிய துண்டு மட்டும் இருட்டாக நிற்கும். ஒருநாள் தியேட்டருக்குள் நின்று திரையில் பார்த்தேன். விளக்குப் போட்ட தெருவில் ஒரே ஒரு வீட்டில் கரண்ட் போனதுபோல இருந்தது.

உங்கள் டாக்டரிடம், “இந்த ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறீர்கள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

கட்டி நடுவில் இருந்தால் முழு நுரையீரலும் போக வேண்டியதுதானா?

கட்டாயம் இல்லை. மடலோடு மூச்சுக்குழாயில் ஒரு வளையத்தை வெட்டி, மிச்ச இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்பதை ஸ்லீவ் என்பார்கள். சட்டைக் கை என்று அர்த்தம். 1947-ல் லண்டனில் கிளமென்ட் பிரைஸ் தாமஸ் என்பவர், ஆபத்துக் குறைந்த ஒரு கட்டிக்கு இப்படி வளையத்தை மட்டும் எடுத்து நுரையீரலைக் காப்பாற்றினார். நான்கு வருஷம் கழித்து அவரே மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கு இடது நுரையீரலை எடுக்க வேண்டியிருந்தது. மன்னரானாலும் கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்துத்தான்.

முதலில் டிபி என்றார்கள். இப்போது கேன்சர் என்கிறார்கள். எதை நம்புவது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது எங்கள் வீட்டில் நடந்தது.

பெரியப்பாவுக்கு இருமல், எடை குறைவு. எக்ஸ்ரேயில் வலது மேல் பக்கம் ஒரு ரூபாய்க் காசளவு நிழல். போன இடத்தில் சளி எடுக்கவில்லை, சிடி எடுக்கவில்லை. நிழலைப் பார்த்துவிட்டு டிபி மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். ஏழு மாதம் ஒருநாள் தவறாமல் போட்டார். இருமல் குறையவில்லை. “மருந்து வேலை செய்ய நாளாகும்” என்று எல்லாரும் சொன்னோம். அப்போது நான் பிசியோதெரபி மூன்றாம் வருஷம். எக்ஸ்ரே கவர் பீரோ மேலேயே இருந்தது, நானும் எடுத்துப் பார்க்கவில்லை. கடைசியில் சிடி எடுத்தபோது நோய் முதுகெலும்பு வரை போயிருந்தது. சீப்பா காயா என்று பேசும் கட்டமே எங்களுக்கு வரவில்லை.

நம் பக்கம் டிபி அதிகம், அதனால் டாக்டருக்கு முதலில் அந்த நினைப்பு வருவது இயல்பு. தோப்பூரில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. தோப்பூர் என்றாலே டிபி என்பது மதுரைக்காரர் வாய்வழக்கு. தப்பு அந்த நினைப்பில் இல்லை, சோதிக்காமல் விடுவதில்தான். சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மரபணு முறையில் சில மணி நேரத்தில் சொல்லும் சோதனை இருக்கிறது. கிருமி தெரியாமலே மருந்து ஆரம்பித்திருந்தால், இரண்டு மாதத்தில் நிழல் சுருங்குகிறதா என்று படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுருங்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பெட் ஸ்கேனில் (ஊசி மருந்து போட்டு எடுக்கும் ஸ்கேன்) ஒளிர்ந்தாலே புற்று என்று முடிவுகட்ட முடியாது. பழைய டிபி வடுவும் ஒளிரலாம். திசு எடுத்துப் பார்த்தால்தான் உறுதி.

கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே?

இல்லை. முற்றிய கட்டத்தில் திறந்து பார்த்துவிட்டு மூடிய காலத்துப் பேச்சு அது. அதன்பின் நோயாளி இறந்தால் பழி கத்திமேல் விழுந்தது.

அம்மா பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. எப்படி வந்தது?

புகைக்காத பெண்களுக்கும் வருகிறது. பக்கத்தில் புகைத்தவரின் புகை ஒரு காரணம். காற்று மாசு இன்னொன்று. விறகடுப்புப் புகையை உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ‘அநேகமாகக் காரணம்’ என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. கல் உடைக்கும் இடத்துச் சிலிக்கா தூசியை ‘காரணம்தான்’ என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. மேலூர்ப் பக்கம் கிரானைட் வேலை செய்தவர்கள் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சிலருக்கு எந்தக் காரணமும் கிடைப்பதில்லை. அம்மாவிடம் போய் “நீ என்ன பண்ணினே?” என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆபரேஷனைத் தாங்குவாரா என்று எப்படிச் சோதிப்பார்கள்?

ஊதிப் பார்க்கும் சோதனை, இதயச் சோதனை எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது மாடிப்படி. நிற்காமல் 22 மீட்டர் உயரம், அதாவது சுமார் ஏழு மாடி ஏற முடிந்தால் நல்ல அறிகுறி. முடியாவிட்டால் மேற்கொண்டு சோதனைகள். இதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள், நாங்கள் பக்கத்தில் நின்றுதான் ஏற்றுவோம். புகைப்பவர் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். “ஆபரேஷன் அன்னைக்குக் காலையில நிறுத்திடுறேன்” என்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த அந்த மூன்று பந்து டப்பாவை ஊத முடியவில்லை.

ஊதக் கூடாது! பத்தில் எட்டுப் பேர் ஊதுகிறார்கள். அது உறிஞ்சுவதற்கு. நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான்: கெட்டியான ஜிகர்தண்டாவை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி, மெதுவாக, நீளமாக. வெடுக்கென்று இழுத்தால் மூன்று பந்தும் துள்ளி உடனே விழும். அதில் பயன் இல்லை. முதல் பந்து விநாடிக்கு 600 மி.லி. வேகத்தில் எழும்பும், இரண்டாவது 900, மூன்றாவது 1,200. முதல் பந்தை மேலேயே மூன்று விநாடி நிறுத்துங்கள், அதுவே பெரிசு. ஆபரேஷனுக்கு முன்பே பழகிக்கொண்டால், பின்னால் வலியோடு புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

இருமும்போது தையல் பக்கம் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு இருமுங்கள். சளியை உள்ளே வைத்துக்கொண்டால் நிமோனியா. “வலிக்குது, இருமல” என்பதுதான் என் வேலையில் எனக்கு மிகவும் பயமான வார்த்தை.

விலாவில் குழாய், கீழே பாட்டிலில் தண்ணீர். அதில் குமிழி வருகிறதே?

நுரையீரலின் வெட்டிய முகத்திலிருந்து காற்றுக் கசிகிறது. செக்மென்டெக்டமியில் இது கொஞ்சம் அதிகம், ஏனென்றால் காய்க்குக் காய் பிரித்த முகம் புண்ணாக இருக்கும். பெரும்பாலும் சில நாளில் நிற்கும். ஐந்து நாளைத் தாண்டினால் டாக்டர் வேறு வழி பார்ப்பார். மூச்சுக்கு ஏற்பத் தண்ணீர் ஏறி இறங்குவது நல்லதுதான். பாட்டிலை மட்டும் நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கக் கூடாது. கக்கூஸுக்குப் போகும்போது சொந்தக்காரர் அதைக் கோயில் செம்பு மாதிரி உயர்த்திப் பிடித்து வருவார், தூரத்திலிருந்தே கத்துவேன்.

அம்மாவுக்குக் கேன்சர் என்று தெரிய வேண்டாம், சிஸ்டர்.

பிள்ளைகளின் மனசு புரிகிறது. ஆனால் “சளிக்கட்டி” என்று சொல்லி வைத்தவர், சளிக்கட்டிக்கு எதற்கு இவ்வளவு வலி என்று என் பயிற்சிக்கு ஒத்துழைக்க மாட்டார். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்தேதான் இருக்கிறது. நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று அவர்கள் மறைக்கிறார்கள். ஆரம்பக் கட்டம் என்பது சொல்லக்கூடிய செய்தி. டாக்டரை வைத்துச் சொல்லுங்கள்.

செலவு?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. வருமான வரம்பு வருஷம் 1 லட்சத்து 20 ஆயிரம். அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். தனியாரில் சேரும் முன், இந்த ஆபரேஷன் அவர்களிடம் திட்டத்தில் வருகிறதா என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரியிலும் நெஞ்சு அறுவைப் பிரிவு இருக்கிறது, அங்கே கேட்காமலே கடன் வாங்க ஓடாதீர்கள்.

பத்தியம் உண்டா? வண்டி எப்போது ஓட்டலாம்?

பத்தியம் இல்லை. முட்டை, மீன், பருப்பு, கறி எல்லாம் சாப்பிடலாம். வாழைப்பழம் சளி என்று நிறுத்த வேண்டாம். டூவீலர் பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல். தண்ணீர்க் குடம், மூட்டை அதற்கும் பிறகு. தோளைத் தூக்காமல் வைத்துக்கொண்டால் இறுகிப்போகும், தலை சீவுவதை அந்தக் கையாலேயே செய்யுங்கள்.

கீமோ வேண்டுமா?

2 செ.மீ.க்குள், கணு சுத்தம், வெட்டிய ஓரம் சுத்தம் என்றால் பொதுவாக வேண்டாம். முடிவு சொல்வது, எடுத்த திசுவைச் சோதித்துத் தரும் பயாப்சி ரிப்போர்ட். அது வரும் வரை யாரிடமும் ஆருடம் கேட்காதீர்கள்.

எல்லாம் முடிந்துவிட்டது. இனி வர வேண்டுமா?

வர வேண்டும். முதல் இரண்டு மூன்று வருஷம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிடி, பிறகு வருஷத்துக்கு ஒன்று. இடம் மிச்சம் வைத்த ஆபரேஷன் என்பதால் இதில் ஏமாற்றக் கூடாது. வரும்போது பழைய சிடி ஸ்கேன் படம், அதைப் பதிந்து கொடுத்த தகடு, டிஸ்சார்ஜ் தாள், பயாப்சி ரிப்போர்ட் நான்கையும் எடுத்து வாருங்கள். புதுசாக ஒரு புள்ளி தெரிந்தால் போன தடவை இருந்ததா, வளர்ந்ததா என்று பழைய படத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். போன மாதம் ஒருவர், “வீடு வெள்ளையடிச்சப்போ எடைக்குப் போட்டுட்டேன்மா” என்றார். ஒரு புள்ளிக்காக அவர் மூன்று மாதம் காத்திருந்து மறுபடியும் சிடி எடுக்க வேண்டியிருக்கிறது.